தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் பிள்ளையை எப்படி அளப்பது

ஜனவரி பிறந்தால் எங்கள் துறை வாசலில் புராஜெக்ட் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கையில் நெட்டில் இருந்து இறக்கிய, ஒரு பிள்ளை தன்னைத் தானே எப்படி நடத்திக்கொள்கிறது என்று அளக்கும் 35 கேள்விகள், ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்த நூறு ஜெராக்ஸ் செட். "மேம், நாளைக்கு ரெண்டாவது ஹவர்ல கொடுத்து அப்பவே வாங்கிக்கிறேன்" என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சேலத்தில் வணிக மேலாண்மைப் பாடம் எடுக்க வந்த மூன்றாவது வருஷம், செமினார் ஹாலில் இளங்கலைப் பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்து ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வீட்டில் பிரித்துப் பார்த்தால் தாளுக்குத் தாள் மேலிருந்து கீழ்வரை நாலு, நாலு, நாலு. அத்தனை தாளையும் புரட்டிய பிறகும் ஒரு பிள்ளையைப் பற்றிக்கூட எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை.

புராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்காகவும், 2022-ல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் வந்த பிறகு "பயிற்சிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு" என்று அடிக்கடி கேட்கப்படும் சக ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்று தெரியட்டும்

'செல்ஃப் லீடர்ஷிப்' என்ற கருத்தை 1980களில் வளர்த்தெடுத்தவர் சார்லஸ் மான்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர். 1986-ல் அதை விரிவாக விளக்கிக் கட்டுரை எழுதினார். பக்கத்தில் ஒருவர் நின்று ஏவாமலே, ஒரு வேலைக்கு வேண்டிய திசையையும் தெம்பையும் ஒருவர் தானே தனக்குக் கொடுத்துக்கொள்வதுதான் விஷயம். 2002-ல் ஜெஃப்ரி ஹோட்டனும் கிறிஸ்டஃபர் நெக்கும் இதை அளக்க 35 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாளை வெளியிட்டார்கள். பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுத்து வருவது பெரும்பாலும் அதைத்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண் போட வேண்டும்: கொஞ்சம்கூடப் பொருந்தாவிட்டால் ஒன்று, முழுக்கப் பொருந்தினால் ஐந்து.

அதற்குள் ஒன்பது பகுதிகள் உண்டு. நடத்தையைச் சேர்ந்தவை ஐந்து: இலக்கு வைப்பது (5 கேள்வி), தன்னைத் தானே கவனிப்பது (4), தனக்குப் பரிசு கொடுத்துக்கொள்வது (3), தன்னைக் கண்டித்துக்கொள்வது (4), நினைவூட்டும் அடையாளம் வைத்துக்கொள்வது (2). வேலைக்குள்ளேயே பிடித்தமானதைத் தேடிக்கொள்வது தனிப் பகுதி (5). எண்ணத்தைச் சேர்ந்தவை மூன்று: வேலை நன்றாக முடிவதை மனசுக்குள் பார்ப்பது (5), தனக்குள் பேசிக்கொள்வது (3), தன் நம்பிக்கைகள் சரியா என்று சோதிப்பது (4). 2012-ல் ஹோட்டன் இன்னும் இரண்டு பேருடன் சேர்ந்து ஒன்பதே கேள்விகளில் ஒரு சுருக்க வடிவமும் கொண்டுவந்தார். நேரம் குறைவென்றால் அது போதும். ஆனால் கண்டிப்பு, நினைவூட்டு, வேலையில் பிடித்தம் ஆகிய மூன்றும் அதில் கிடையாது. தெரிந்து எடுங்கள். எந்த வடிவமானாலும் உருவாக்கியவர்களுக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேட்பதும், கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குவதும் உங்கள் வேலை.

தாளின் தலைப்பில் 'தலைமைப் பண்பு' என்று போடாதீர்கள். அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு வகுப்புப் பிரதிநிதி, என்.எஸ்.எஸ். தலைவர், மேடையில் மைக் பிடிக்கிறவர் என்றுதான் தோன்றும். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளை "இது நமக்கில்லை" என்று ஒன்றும் ரெண்டுமாகப் போட்டுவிட்டுப் போய்விடும். நான் 'என் வேலையை நான் நடத்திக்கொள்ளும் விதம்' என்று போடுகிறேன்.

தமிழில் கொண்டுவருவது

முக்கால்வாசி உழைப்பு இங்கேதான் போகும், போகட்டும். நடைமுறை எளிது. ஆங்கிலம் தமிழ் ரெண்டும் நன்றாகத் தெரிந்த ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். ரெண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-லேயே எழுதிவைத்த முறை இது. ஆனால் சேலத்தில் நான் கண்டது, இந்தச் சோதனையில் தேறிய வாக்கியம்கூடப் பிள்ளைகளிடம் போய்த் தடுக்கி விழும் என்பதைத்தான். அதனால் அச்சடிக்கும் முன் ஐந்தாறு பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, "இது உனக்கு என்ன சொல்லுது?" என்று கேளுங்கள்.

நான் கேட்டபோது வந்ததைச் சொல்கிறேன். "எனக்கு நானே பேசிக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தைப் படித்த பையன் நிமிர்ந்து பார்த்து, "பைத்தியமான்னு கேக்கறீங்களா மேம்?" என்றான். கடினமான வேலை வரும்போது "உன்னால முடியும், முதல்ல இதைச் செய்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதை அவன் தினமும் செய்கிறவன்தான். அந்தத் தமிழ் அதைச் சொல்லவில்லை. "மனசுக்குள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்" என்று மாற்றினேன், தடங்கல் போனது. "வெற்றி பெறுவதாகக் கற்பனை செய்கிறேன்" என்பதை ஒரு பிள்ளை பகல் கனவு என்று எடுத்துக்கொண்டு ஒன்று போட்டாள். "ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதை மனசுக்குள் ஒருமுறை நடத்திப் பார்க்கிறேன்" என்றதும் நாலுக்கு வந்தாள்.

பரிசு பற்றிய கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. "ஒரு வேலையை நன்றாக முடித்தால் எனக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தோம். கல்லூரி விட்டதும் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போய் ராத்திரி வரை வேலை பார்க்கும் ஒரு பையன் அந்தப் பகுதியில் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டான். "சனிக்கிழமை கூலி வாங்குனா அப்படியே அம்மாகிட்ட கொடுத்துருவேன் மேம். எதை வாங்கறது?" அவனிடம் குறைந்தது பணம், திறன் குறையவில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருந்தால் 'தனக்குத் தானே ஊக்கம் கொடுத்துக்கொள்ளத் தெரியாதவன்' என்று என் அட்டவணை அவனைக் காட்டியிருக்கும். "எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்துகொள்கிறேன்" என்று திருத்தி, பக்கத்திலேயே எடுத்துக்காட்டாகக் கொஞ்ச நேரம் கிரிக்கெட், கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம், நண்பர்களோடு ஒரு தட்டுவடை செட் என்று அச்சடித்தோம். எடுத்துக்காட்டு கொடுத்தால் எல்லாத் தாளிலும் ஒரே எடுத்துக்காட்டு இருக்க வேண்டும். வாயால் ஆளுக்கொன்று சொன்னால் ஆளுக்கொரு கேள்வி கேட்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது 'இலக்கு'. ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து படித்த மாணவி ஒருத்தி. இலக்குப் பகுதியில் ஐந்துக்கும் ஒன்றுதான் போட்டிருந்தாள். எனக்கு நம்ப முடியவில்லை, கூப்பிட்டுக் கேட்டேன். "இலக்குன்னா கலெக்டர் ஆகறது மாதிரின்னு நெனச்சேன் மேம். எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "சரி கண்ணு, தினமும் எப்ப படிக்கிற?" என்றேன். "கொண்டை ஊசி வளைவு இருவதுலயும் புஸ்தகத்தைப் பார்த்தா வாந்தி வரும். அதனால மேல இருந்து வர்றப்போ எந்தக் கணக்குன்னு முடிவு பண்ணிக்குவேன். அடிவாரம் வந்ததும் நோட்டைத் திறந்தா அஸ்தம்பட்டி வர்றதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சுரும்." ஐந்துக்கு ஐந்து வாங்க வேண்டிய பிள்ளை. நம் ஊரில் இலக்கு என்றால் லட்சியம். அந்த இடத்தில் "எந்த வேலையை எப்போது முடிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறேன்" என்று போடுங்கள்.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இப்படித் திருத்தத் திருத்த உங்கள் தாள் மூலத்தில் இருந்து விலகும். வெளிநாட்டு ஆய்வில் வந்த சராசரியோடு உங்கள் சராசரியை நேரடியாக ஒப்பிட முடியாமல் போகும். என்னென்ன மாற்றினீர்கள் என்று அறிக்கையில் வரி வரியாக எழுதிவிடுங்கள். என் அனுபவத்தில், ஒப்பிட முடிந்த தவறான எண்ணைவிட ஒப்பிட முடியாத சரியான எண் எவ்வளவோ மேல்.

எப்போது, யார் கொடுப்பது

இன்டர்னல் தேர்வு வாரம் வேண்டாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரம் வேண்டாம். மலைப் பிள்ளைகள் உங்கள் கணக்கில் வர வேண்டுமென்றால் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களிலும் வேண்டாம், வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டால் அவர்கள் வர மாட்டார்கள். கடைசி ஹவர் கூடவே கூடாது. ஆத்தூர் பக்கம் போகிறவர்கள் ஜன்னல் வழியே பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்டர்னல் மதிப்பெண் போடுகிற ஆசிரியர் கையால் தாள் போகக் கூடாது. நான் வேறு துறைத் தோழியை அனுப்பிவிட்டு வராந்தாவிலும் நிற்காமல் நகர்ந்துவிடுவேன். பெயர், பதிவு எண் கேட்க வேண்டாம். ரெண்டாவது தடவை அளந்து ஜோடி சேர்க்க வேண்டுமானால், அம்மா பெயரின் முதல் எழுத்து, தான் பிறந்த தேதி, அலைபேசி எண்ணின் கடைசி ரெண்டு இலக்கம் என்று பிள்ளைகளே ஒரு குறியீடு எழுதிக்கொள்ளட்டும். விருப்பமில்லாதவர்கள் வெற்றுத்தாளை மடித்துக் கொடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கூகுள் ஃபார்ம் எளிது, ஆனால் கட்டை விரல் ஒரே வரிசையில் இறங்கிப் போவது அதில் இன்னும் எளிது. இருபது நிமிஷமும் தாளும் பேனாவும் கொடுங்கள்.

ஐந்து விடைகளின் பெயரையும் கவனியுங்கள். மூலத்தில் வாக்கியம் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பார்கள். அதைத் தமிழில் 'ஒத்துக்கொள்கிறேன், நடுநிலை' என்று போட்டால் முடிவெடுக்க யோசிக்கிற பிள்ளை எல்லாம் நடுநிலையில் போய் நிற்கும், மரியாதைக்காக மீதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். "எனக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தாது" என்பதில் தொடங்கி "முழுக்கப் பொருந்தும்" வரை போவது பரவாயில்லை. மேலே "கடந்த ஒரு மாதத்தை நினைத்துச் சொல்லவும்" என்ற ஒரு வரி சேர்த்தால் பதில் இன்னும் தரையில் நிற்கிறது.

எத்தனை பேர்? பகுதிகள் நம் பிள்ளைகளிடமும் அதே ஒன்பதாகப் பிரிகின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனையான காரணிப் பகுப்பாய்வு செய்வதானால் கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது வழக்கமான கணக்கு. 35 கேள்விக்கு 175 முதல் 350 வரை. உங்கள் வகுப்பை மட்டும் தெரிந்துகொள்ள அவ்வளவு தேவையில்லை. ஆனால் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், தமிழ் வழி, ஆங்கில வழி, விடுதி, வீடு எல்லாத் தரப்பும் இருக்கிறதா பாருங்கள்.

கணக்கு

எண்களை எக்செல்லில் ஏற்றும் முன் தாள்களைக் கண்ணால் புரட்டுங்கள். 35-க்கும் ஒரே எண் போட்ட தாளைத் தனியே எடுத்துவைத்து, எத்தனை தாள் என்று அறிக்கையில் சொல்லுங்கள்.

மொத்தமாகக் கூட்டி ஒரே மதிப்பெண் போட்டுவிடாமல் பகுதிவாரியாகச் சராசரி எடுங்கள். ஒரு மாணவி இலக்கில் 4, 5, 4, 3, 4 போட்டால் மொத்தம் 20, சராசரி 4.0. நினைவூட்டில் 2, 1 என்றால் 1.5. தனக்குள் பேசுவதில் 3, 4, 2 என்றால் 3.0. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பிள்ளை தெரிகிறது: திட்டம் போடுகிறாள், ஆனால் கண் முன்னால் எதையும் எழுதி ஒட்டிவைக்கும் பழக்கம் இல்லை. கூட்டிவிட்டால் இது மறைந்துவிடும்.

கண்டிப்புப் பகுதியை எதோடும் கூட்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. "தப்பு செய்தால் என்னை நானே கடுமையாகத் திட்டிக்கொள்கிறேன்" என்பதை நம் பிள்ளைகள் நல்ல குணம் என்று நினைத்து ஐந்து போடுவார்கள். சிலர் உண்மையிலேயே உள்ளுக்குள் நொந்துபோய்ப் போடுவார்கள். அந்தப் பகுதியில் மட்டும் உச்சத்தில் இருந்து மற்றதெல்லாம் தாழ்ந்திருக்கும் தாள்கள் வந்தால், பெயர் தெரியாவிட்டாலும் வகுப்புக்குப் பொதுவாகப் பேசுங்கள். கல்லூரி ஆலோசகர் எந்த அறையில் இருப்பார், அரசின் டெலி மானஸ் எண் 14416 என்று பலகையில் எழுதிவிட்டு வாருங்கள்.

நம்பகத்தன்மைக்கு எல்லோரும் பார்ப்பது லீ கிரான்பாக் 1951-ல் கொடுத்த ஆல்ஃபா. ஒரே பகுதிக் கேள்விகளுக்குப் பிள்ளைகள் ஒரே போக்கில் பதில் சொல்கிறார்களா என்று அது காட்டும். 0.70-க்கு மேல் இருந்தால் சரி என்பது வழக்கு. கேள்வி குறைந்தால் ஆல்ஃபாவும் குறையும், அதனால் மூன்றே கேள்வி உள்ள பகுதியில் 0.65 வந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். ரெண்டு கேள்வி மட்டும் உள்ள நினைவூட்டுப் பகுதிக்கு, அந்த ரெண்டுக்கும் உள்ள தொடர்பை வைத்து நம்பகத்தன்மை பார்க்கும் ஸ்பியர்மன்-பிரவுன் கணக்குப் பொருத்தம். ஆல்ஃபா ரொம்ப உயர்ந்து வந்தாலும் உடனே மகிழ வேண்டாம். ஒருவர் முழுக்க நாலு, இன்னொருவர் முழுக்க ரெண்டு என்று போட்ட தாள்களும் அதை ஏற்றிவிடும்.

புராஜெக்ட் வைவாவில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பகுதியில் பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 0.8, ஆல்ஃபா 0.75 என்று வையுங்கள். 1-ல் இருந்து 0.75 போனால் 0.25, அதன் வர்க்கமூலம் 0.5, அதை 0.8-ஆல் பெருக்கினால் 0.4. ஒரு மதிப்பெண்ணில் இருக்கும் அளவீட்டுப் பிழை இதுதான். ஒரு பிள்ளையின் மதிப்பெண் 3.4 என்றால் உண்மையான நிலை 3.0-க்கும் 3.8-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம், சில சமயம் அதற்கு வெளியிலும். அப்படி இருக்க, 3.6 வாங்கியவனை 3.4 வாங்கியவளுக்கு மேலே ரேங்க் போடுவது எந்த நியாயத்தில்?

பதினாலு ராத்திரி நோட்டு

பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னது மட்டும் போதாது என்பதால் கூடவே ஒரு 40 பக்க நோட்டு கொடுக்கிறேன். மூன்று பத்தி. படுக்கும் முன் நாளைக்கு முடிக்கப்போகும் ஒரே ஒரு வேலை. மறுநாள், முடிந்ததா. முடியவில்லை என்றால் என்ன மாற்றினேன். பதினாலு நாள்.

முதல் பத்திக்கு 0, 1, 2 என்று போடுங்கள். "படிக்கணும்" என்றால் 0. "காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கணும்" என்றால் 1. "காஸ்ட் அக்கவுண்டிங் மூணாவது யூனிட்ல ரெண்டு கணக்கு, தறி நின்னதுக்கு அப்புறம்" என்றால் 2. இது அம்மாப்பேட்டைப் பையன் ஒருவனின் நோட்டில் இருந்த வரி. நடுப் பத்தியை எண்ண வேண்டாம். அவன் வீட்டுத் தறியில் அன்றைக்குப் பாவு நூல் அறுந்திருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம், அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கலாம். முடிந்ததா என்பதை எண்ணினால் வசதியான வீட்டுப் பிள்ளை எப்போதும் முன்னால் நிற்கும். மூன்றாவது பத்தியைத்தான் நான் உற்றுப் பார்க்கிறேன். "முடியல" என்று மட்டும் ஏழு நாள் எழுதுவது ஒரு மாதிரி. "ராத்திரி முடியல, காலையில அஞ்சு மணிக்கு வெச்சுப் பார்க்கறேன்" என்று மூன்றாம் நாளே மாற்றுவது இன்னொரு மாதிரி. தன்னைத் தானே நடத்துவது என்று மான்ஸ் சொன்னதை இந்த ரெண்டாவது வரியில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

ரெண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பெண் போட்டு, தற்செயலைத் தாண்டி ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லும் கோஹனின் காப்பா என்ற எண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத வரிகளைப் பேசித் தீர்த்து, விதியை எழுதிவைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள். வேலைதான். ஒரு வகுப்புக்கு ரெண்டு சாயங்காலம் பிடிக்கும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும்

பயிற்சி பெறாத இன்னொரு வகுப்பையும் அதே நாட்களில் அளக்காமல் "கூடிவிட்டது" என்று எழுதாதீர்கள். செமஸ்டர் நெருங்கினாலே எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் ஒழுங்காவார்கள்.

இன்னொன்று நடக்கும். பயிற்சி முடிந்த பிறகு எண் குறையும். ஒரு வருஷம் எனக்கு அப்படி ஆனது, மேலே அறிக்கை கொடுக்கவே மனம் வரவில்லை. பிறகு பிள்ளைகளோடு பேசியபோது புரிந்தது: முன்பு "என்னை நான் கவனிக்கிறேன்" என்பதற்கு நாலு போட்டவர்கள், கவனிப்பது என்றால் நோட்டில் எழுதிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு ரெண்டு போட்டிருந்தார்கள். அளவுகோலே அவர்களுக்குள் மாறிவிட்டது. இதற்கு ஒரு வழி, கடைசித் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு கட்டம் வைப்பது: இப்போது எப்படி, பயிற்சிக்கு முன்னால் உண்மையில் எப்படி இருந்தேன். பிள்ளைகள் நம்மை மகிழ்விக்க முந்தையதைக் குறைத்துப் போடும் ஆபத்தும் இதில் உண்டு. அதனால்தான் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முடிவைப் பலகையில் ஒட்டக் கூடாது, துறைத் தலைவர் கேட்டாலும் வகுப்புச் சராசரியைத் தாண்டி எதுவும் போகக் கூடாது. குறியீட்டை மேலே எழுதி, ஒன்பது பகுதிக்கும் ஒன்பது பட்டை வரைந்த சீட்டை மடித்து மேசையில் வைத்துவிடுகிறேன், அவரவர் எடுத்துக்கொள்கிறார்கள். சீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு கேள்வி: "இந்த ஒரு மாதத்துக்கு ஒரு பட்டையை மட்டும் மாற்ற வேண்டுமானால் எது, எப்படி?" பதிலை அவர்களே வைத்துக்கொள்வார்கள். அடுத்த அளவை என்றைக்கு என்று தேதியை மட்டும் அதன் அடியில் எழுதிக்கொள்ளச் சொல்லுவேன்.